கார் உடைந்தது, மனிதர் பிழைத்தார்!

உங்களில் பலருக்குக் கிரிக்கெட் பைத்தியம் உண்டு. எனக்குச் சிறு வயதிலிருந்தே மோட்டார்ப் பந்தயப் பைத்தியம். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவருக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்பார்கள். "பந்தயமும் இயற்பியல் பாடம்தான்" என்று சொல்லிச் சமாளிப்பேன். அது வெறும் சமாளிப்பு அல்ல என்பதை ஓர் இரவு எனக்குக் காட்டிற்று. அந்த இரவின் கதையைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2020ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பாரசீக வளைகுடாவில் உள்ள பஹ்ரைன் என்னும் சின்னஞ்சிறு தீவு நாட்டில், சாகீர் என்ற பாலைவனப் பகுதியில், மின்விளக்குகளின் ஒளி வெள்ளத்தில் பார்முலா-1 கிராண்ட் பிரீ பந்தயம். ஒரு சுற்றின் நீளம் 5.412 கிலோமீட்டர், மொத்தம் 57 சுற்றுகள். நம் நாட்டு நேரப்படி இரவு 7.40க்கு 20 கார்கள் சீறிப் புறப்பட்டன. நான் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தேன்.

அரை நிமிடம்கூட ஆகியிராது. மூன்றாம் வளைவைத் தாண்டிய இடத்தில், பிரான்சு நாட்டு ஓட்டுநர் ரொமான் குரோஜான் தம் காரை வலப்பக்கமாகத் திருப்பினார். அதன் பின்சக்கரம் தானியீல் குவ்யாட் என்ற ரஷ்ய ஓட்டுநரின் கார்ச் சக்கரத்தில் உரசிற்று. கார் பாதையை விட்டு விலகி, ஓரத்திலிருந்த எஃகுத் தடுப்பில் போய் மோதிற்று. திரையின் ஓரத்தில் குபீரென்று ஒரு தீக்கோளம் எழுந்தது. பந்தயம் உடனே நிறுத்தப்பட்டது.

எத்தனையோ பந்தயங்களைப் பார்த்தவன் நான். அன்று என் மனத்தில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: 'போயிற்று, அந்த மனிதர் பிழைக்கமாட்டார்.' பிறகு காட்டிய படத்தில் கார் இரண்டு துண்டாகக் கிடந்தது. பின்பாதி ஒருபுறம், முன்பாதி தடுப்பைத் துளைத்துக்கொண்டு நெருப்புக்குள்ளே!

ஆனால் அந்த நெருப்புக்குள்ளிருந்து குரோஜான் தாமே எழுந்து வந்தார். ஒரு காலில் காலணி இல்லை; இரு கைகளிலும் தீக்காயம்.

மறுநாள் காலை வகுப்பில் மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், கார் இரண்டாக உடைந்துவிட்டதே! அதைப் போய்ப் பாதுகாப்பான கார் என்கிறார்களே, எப்படி?"

நல்ல கேள்வி. அதற்கு விடை காணும் முயற்சியே இந்தக் கட்டுரை.

ஐம்பது மாடி உயரம்

பார்முலா-1 பந்தயங்களை நடத்தும் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு, அதாவது எஃப்.ஐ.ஏ., இந்த விபத்தை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டு தன் முடிவுகளை வெளியிட்டது. கட்டுப்பாடு இழந்தபோது காரின் வேகம் மணிக்கு 241 கிலோமீட்டர். தடுப்பில் மோதியபோது 192 கிலோமீட்டர்.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் கவனியுங்கள். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் இயக்க ஆற்றல் எவ்வளவு குறைந்தது? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று படித்திருப்பீர்கள். 192ஐ 241ஆல் வகுத்து, வரும் ஈவை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 0.63 வரும். அதாவது, தடுப்பை அடைவதற்கு முன்பே ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது!

மீதி எவ்வளவு? காரும் ஓட்டுநரும் எரிபொருளுமாகச் சேர்ந்த நிறை சுமார் 850 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 192 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 53.3 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் சுமார் 12 லட்சம் ஜூல் கிடைக்கும்.

இந்த எண் மனத்தில் பதியாது. வேறு விதமாகச் சொல்கிறேன். ஒரு பொருளை உயரத்திலிருந்து விழவிட்டால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாதபோது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் இந்த வேகம் வரும்? வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். விடை 145 மீட்டர்! கிட்டத்தட்ட ஐம்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து காரோடு கீழே விழுந்தது போன்ற மோதல் அது.

அப்படியிருந்தும் ஒருவர் பிழைக்க முடியுமா? முடியும். விழுந்த உயரம் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. எவ்வளவு தூரத்துக்குள் நின்றோம் என்பதும் சேர்ந்தே உயிரை முடிவு செய்கிறது.

செங்கல் பிடிக்கும் வித்தை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் செங்கல்லை வீசுவார். சாரத்தின் மேல் நிற்பவர் அதைக் கையில் பிடிப்பார். பிடிக்கும்போது கையை விறைப்பாக வைத்திருப்பாரா? இல்லை. கல் வரும் போக்கிலேயே கையையும் கொஞ்சம் நகர்த்திப் பிடிப்பார். கல்லின் வேகம் சிறிது தூரத்தில், சிறிது நேரத்தில், படிப்படியாகக் குறைகிறது. கைக்கு வலி இல்லை. விறைப்பாகப் பிடித்தால் அதே கல் கையைப் பெயர்த்துவிடும்.

இந்த வித்தையை ஓர் எளிய கணக்காக எழுதலாம். விழுந்த உயரத்தை, நின்ற தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் எண், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு எதிர்முடுக்கம் ஏற்பட்டது என்பதைச் சொல்லும். அந்த மடங்கை 'ஜி' என்ற எழுத்தால் குறிப்பது வழக்கம். வேகம் ஒரே சீராகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு.

நம் காரின் உயரம் 145 மீட்டர். அது அசையாத ஒரு பாறையில் மோதி 10 சென்டிமீட்டருக்குள் நின்றிருந்தால் 1,450 ஜி. எவரும் பிழைக்க முடியாது. ஒரு மீட்டருக்குள் நின்றிருந்தால் 145 ஜி. இரண்டு மீட்டர் என்றால் ஏறத்தாழ 72 ஜி. தூரம் கூடக் கூட விசை குறைகிறது, பார்த்தீர்களா?

எஃப்.ஐ.ஏ. கணக்கிட்டபடி, அன்று ஏற்பட்ட உச்ச அளவு 67 ஜி. பேருந்தில் ஓட்டுநர் 'சடன் பிரேக்' போடும்போது நாம் முன்னிருக்கையில் போய் முட்டிக்கொள்கிறோமே, அது ஒரு ஜிக்கும் குறைவு. 67 ஜியில் 70 கிலோகிராம் நிறையுள்ள ஓர் உடலைத் தடுத்து நிறுத்த, ஏறக்குறைய 4,700 கிலோகிராம் பாரத்தின் எடைக்குச் சமமான விசை தேவை. அந்த விசையை ஒரே இடத்தில் செலுத்தினால் எலும்பு நொறுங்கும். ஆகவேதான் தோள், இடுப்பு, தொடை என்று பல இடங்களில் அகலமான பட்டைகளால் ஓட்டுநரை இருக்கையோடு இறுக்கிக் கட்டுகிறார்கள். விசை பரவுகிறது, அழுத்தம் குறைகிறது.

உடலைக் கட்டியாயிற்று. தலை? தலையும் தலைக்கவசமும் சேர்ந்து சுமார் 6 கிலோகிராம். 67 ஜியில் கழுத்து 400 கிலோகிராம் பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும்! கழுத்தால் ஆகாது. இதற்காக ராபர்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ஒரு கழுத்துக் காப்பை உருவாக்கினார். ஹான்ஸ் என்பது அதன் பெயர். தோளில் அமரும் அந்தக் கருவி, தலைக்கவசத்தை இரு வார்களால் பிடித்துக்கொள்ளும். 2003ஆம் ஆண்டு முதல் பார்முலா-1 பந்தயத்தில் இது கட்டாயம்.

உடைய வேண்டியதும் உடையக் கூடாததும்

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். நின்ற தூரம் வேண்டும் என்றோம். அந்தத் தூரம் எங்கிருந்து வரும்? ஏதாவது ஒன்று நசுங்க வேண்டும், வளைய வேண்டும், உடைய வேண்டும். அப்போதுதான் தூரம் கிடைக்கும். அந்த உடைப்பிலேயே இயக்க ஆற்றலும் செலவாகும்.

பார்முலா-1 காரின் மூக்குப் பகுதி கார்பன் இழையால் ஆன கூடான குழாய். மோதும்போது அது நுனியிலிருந்து துகள் துகளாக நொறுங்கிக்கொண்டே வரும். அதன் வேலையே நொறுங்குவதுதான். ஆனால் ஓட்டுநர் அமரும் பகுதி நொறுங்கக் கூடாது. இரண்டு கார்பன் இழைத் தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அலுமினிய அமைப்பை வைத்து அதைச் செய்கிறார்கள். உயிர்காப்புக் கூடு என்று அதை அழைக்கலாம். காரின் மற்ற உறுப்புகள் எல்லாம் தங்களை அழித்துக்கொண்டு இந்தக் கூட்டைக் காக்க வேண்டும் என்பதே விதி.

எஞ்சினும் கியர்ப் பெட்டியும் கொண்ட பின்பாதி, இந்தக் கூட்டின் பின்சுவரில் திருகாணிகளால் பொருத்தப்பட்டது. அன்று கழன்று பிரிந்தது அந்தப் பாதிதான். கூடு குலையாமல் இருந்தது. ஆகவே "கார் இரண்டாக உடைந்தது" என்று நாம் சொன்னதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். உடையலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடத்தில் கார் உடைந்தது. உடையக் கூடாத இடத்தில் உடையவில்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1981ஆம் ஆண்டுதான் கார்பன் இழைக் கூடு கொண்ட முதல் பார்முலா-1 கார் களம் இறங்கியது. மெக்லாரன் குழுவுக்காக ஜான் பர்னார்ட் என்ற பொறியாளர் வடிவமைத்தது. கார்பன் இழை கண்ணாடி போலச் சிதறிவிடும் என்று பலர் ஐயப்பட்டார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய அந்தக் கார் தடுப்பில் மோதியது. எஞ்சின் தனியே பிய்த்துக்கொண்டு போயிற்று. வாட்சன் காயமின்றி இறங்கி நடந்தார். ஐயப்பட்டவர்கள் அடங்கினார்கள்.

தலைக்கு மேல் ஒரு வளையம்

பஹ்ரைனில் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் நடந்தது. பாதையோரத் தடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று எஃகுப் பட்டைகளால் ஆனது. கார் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வந்தால் இத்தகைய தடுப்பு அதை வழுக்கிவிட்டுப் பாதைக்கே திருப்பிவிடும். அன்று காரின் கூரிய மூக்கு ஆப்பு போலப் பாய்ந்தது. நடுப்பட்டை தாங்காமல் விட்டுக்கொடுத்தது. மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் வளைந்தன. அந்த இடைவெளியில் கார் புகுந்துவிட்டது.

நினைத்துப் பாருங்கள். திறந்த கார். ஓட்டுநரின் தலை வெளியே தெரிகிறது. கார் பட்டைகளுக்கு இடையே நுழையும்போது மேல்பட்டை எந்த உயரத்தில் வரும்? ஏறத்தாழத் தலைக்கு நேராக!

அங்கேதான் ஹேலோ என்னும் வளையம் குறுக்கே நின்றது. சாமி படங்களில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்திருப்பார்கள் அல்லவா? ஹேலோ என்றால் அதுதான் பொருள். டைட்டானியம் உலோகத்தால் ஆன இந்த வளையம் ஓட்டுநரின் தலையைச் சுற்றி, முன்னே ஒரு தூணும் பின்னே இரு கால்களும் ஊன்றி நிற்கிறது. அதன் நிறை 7 கிலோகிராம் அளவுதான். ஆனால் சோதனைச் சாலையில் அதன்மேல் 125 கிலோநியூட்டன் விசையைச் செலுத்திப் பார்க்கிறார்கள்; 12 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றுவது போல! அன்று எஃகுப் பட்டையை விலக்கி, தலைக்கு இடம் வாங்கித் தந்தது அந்த வளையமே.

2009ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த பார்முலா-2 பந்தயத்தில், வேறொரு காரிலிருந்து கழன்ற சக்கரம் தலையில் மோதி ஹென்றி சர்ட்டீஸ் என்ற இளைஞர் இறந்தார். வயது 18. அது போன்ற மரணங்களுக்குப் பிறகே தலைக்குக் காப்பு வேண்டும் என்ற ஆராய்ச்சி வலுப்பெற்றது. 2018இல் ஹேலோ பார்முலா-1இல் கட்டாயமானது. அப்போது பல ரசிகர்கள் அதை வெறுத்தார்கள். காரின் அழகைக் கெடுக்கிறது என்றார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அந்தக் கட்சிதான். ஓட்டுநர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். அப்படி எதிர்த்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? இதே ரொமான் குரோஜான்! விபத்துக்குப் பின் மருத்துவமனையிலிருந்து பேசியபோது, தம் கருத்து தவறு என்பதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

தூரம் தந்தது போதாது, நேரமும் வேண்டும்

மோதலிலிருந்து தப்பியாயிற்று. ஆனால் நெருப்பு?

மோதலின் ஆற்றல் 12 லட்சம் ஜூல் என்று கண்டோம். ஒரு கிராம் பெட்ரோல் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 43 ஆயிரம் ஜூல் வெளிப்படும். வகுத்துப் பாருங்கள். அத்தனை பயங்கரமான மோதலின் ஆற்றல் முழுவதும் வெறும் 28 கிராம் பெட்ரோலில் அடங்கிவிடும்! ஒரு காபி டம்ளரில் கால் பாகம். காரிலோ 100 கிலோகிராம் அளவுக்கு எரிபொருள் இருந்தது. மோதலைவிட மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் அந்தத் தொட்டியில் உறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மோதலின் ஆற்றல் கண் இமைக்கும் நேரத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆகையால் அது நேரம் எடுத்துக்கொள்ளும். மோதலுக்கு எதிராக நமக்குத் தூரம் வேண்டும். தீக்கு எதிராக நமக்கு நேரம் வேண்டும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையைப் படித்த பயன் கிடைத்துவிடும்.

எரிபொருள் வெளியே வந்தது எப்படி? தொட்டி உறுதியான இழைகள் சேர்த்த ரப்பர்ப் பை. எஞ்சின் பிய்ந்து போனபோது, தொட்டியிலிருந்து அதற்குச் செல்லும் குழாயின் இணைப்பும் பிய்ந்தது. தொட்டியைச் சோதிப்பதற்காக வைத்திருந்த ஒரு மூடியும் பெயர்ந்தது. ஆம், ஒரு பக்கம் உயிரைக் காத்த உடைப்பு மறுபக்கம் நெருப்புக்கு வழி திறந்துவிட்டது. பொறியியலில் எந்தத் தீர்வும் முழுத் தீர்வு இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இடது கால் காருக்குள் சிக்கிக்கொண்டது. குரோஜான் காலணியை அங்கேயே விட்டுவிட்டுக் காலை உருவினார். 1976ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் நிக்கி லவுடா என்ற ஆஸ்திரிய வீரர் எரியும் காருக்குள் சிக்கியது அப்போது தம் நினைவுக்கு வந்ததாகவும், தம் குழந்தைகளை நினைத்ததாகவும் பின்னர் அவர் கூறினார். லவுடாவை அன்று சக ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு ஓடிவந்து இழுத்துக் காப்பாற்றினார்கள்.

அதற்கும் மூன்று ஆண்டு முன்பு, 1973இல், ஹாலந்தின் சாண்ட்வோர்ட் பந்தயத்தில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. டேவிட் பர்லி என்ற இன்னொரு ஓட்டுநர் தம் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, கவிழ்ந்த காரைத் தனி ஒருவராகப் புரட்ட முயன்றார். அங்கிருந்த பந்தயக் காவலர்களிடம் தீயைத் தாங்கும் உடை இல்லை. அவர்களால் நெருங்க முடியவில்லை. வில்லியம்சன் இறந்தார். நேரம் இருந்தது, அதைப் பயன்படுத்த வழி இல்லாமல் போயிற்று.

பஹ்ரைனில் அந்த வழி இருந்தது. குரோஜானின் உடை நோமெக்ஸ் என்னும் இழையால் ஆனது. அது நைலான் போல உருகித் தோலில் ஒட்டாது. சூடு பட்டால் கருகித் தடிக்கும். அடுக்கடுக்கான துணிகளுக்கு இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பொத்தான்களை விரல் உணர வேண்டும் என்பதற்காகக் கையுறைகள் மட்டும் மெல்லியவை. தீக்காயம் கைகளில் மட்டும் பட்டதன் காரணம் புரிகிறதா?

முதல் சுற்றில் எல்லாக் கார்களுக்கும் பின்னால் ஒரு மருத்துவக் கார் செல்ல வேண்டும் என்பது விதி. 1978இல் மோன்சா பந்தயத் தொடக்கத்தில் ரோனி பீட்டர்சன் விபத்துக்குள்ளாகி மறுநாள் இறந்த பிறகு, சிட் வாட்கின்ஸ் என்ற நரம்பு அறுவை மருத்துவர் வற்புறுத்திக் கொண்டுவந்த ஏற்பாடு அது. பஹ்ரைனில் அந்தக் கார் 11 நொடிகளில் தீயின் அருகே வந்து நின்றது. மருத்துவர் இயன் ராபர்ட்ஸ் இறங்கி ஓடினார். காவலர் ஒருவர் தீயணைப்புத் தூளைப் பீய்ச்சித் தீயைச் சற்றுப் பின்வாங்கச் செய்தார். அந்த இடைவெளியில் எழுந்து நின்ற குரோஜானை, ராபர்ட்ஸ் தடுப்பின் மேலாக இழுத்துக்கொண்டார். மோதலிலிருந்து அதுவரை 27 நொடிகள்.

இந்த 27 நொடிகளைக் கூட்டிப் பாருங்கள். அதில் வில்லியம்சன் இருக்கிறார், லவுடா இருக்கிறார், பீட்டர்சன் இருக்கிறார். ஒவ்வொருவரும் பட்ட துன்பத்திலிருந்து யாரோ ஒருவர் பாடம் படித்து, பின்னால் வரப்போகிற ஒருவருக்காகச் சில நொடிகளைச் சேமித்து வைத்தார்கள்.

மறுபடியும் பந்தயம்

ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பந்தயம் நின்றிருந்தது. உடைந்த தடுப்பின் இடத்தில் கான்கிரீட் கட்டைகளை வைத்தார்கள். மறுபடி தொடங்கியதும் லான்ஸ் ஸ்ட்ரோல் என்ற ஓட்டுநரின் கார் இன்னொரு காருடன் உரசித் தலைகீழாகக் கவிழ்ந்தது. அவர் ஹேலோவுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். காயம் இல்லை.

கடைசியில் மூன்று சுற்றுகள் மட்டும் மிச்சம் இருந்தன. மூன்றாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த செர்ஜியோ பெரஸின் எஞ்சின் புகைந்து தீப்பிடித்தது. அவர் பாதையோரம் நிறுத்தினார். அப்போதுதான், தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு காவலர் பந்தயப் பாதையின் குறுக்கே ஓடினார். லாண்டோ நோரிஸின் கார் வந்துகொண்டிருந்தது. என் நெஞ்சு ஒரு கணம் நின்றேவிட்டது.

ஏன் தெரியுமா? 1977ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கயாலாமி பந்தயத்தில் இதே காட்சி நடந்தது. ஒரு சிறு தீயை அணைக்க 19 வயதுக் காவலர் ஒருவர் கருவியுடன் குறுக்கே ஓடினார். டாம் பிரைஸ் என்ற ஓட்டுநரின் கார் அவர்மீது மோதியது. காவலர் மட்டுமல்ல, கருவி தலையில் தாக்கி ஓட்டுநரும் இறந்தார். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 75 மீட்டர் கடக்கும். "கார் தூரத்தில்தானே வருகிறது" என்று மனிதக் கண் போடும் கணக்கு அங்கே செல்லாது.

நல்ல வேளையாகப் பஹ்ரைனில் எவருக்கும் எதுவும் ஆகவில்லை. பாதுகாப்புக் காரின் பின்னே மெதுவாக ஊர்ந்து பந்தயம் முடிந்தது. லூயிஸ் ஹாமில்டன் முதலிடம், மேக்ஸ் வெர்ஸ்டப்பன் இரண்டாமிடம், அலெக்ஸ் ஆல்பன் மூன்றாமிடம். என் வரையில் அன்றைய வெற்றியாளர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தார்.

உங்கள் தலைக்கும் அதே கணக்கு

'இதெல்லாம் கோடிக்கணக்கில் பணம் புரளும் பந்தயம். நமக்கென்ன?' என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுக்கும் கணக்கை இப்போது உங்களுக்கே போட்டுப் பாருங்கள்.

அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்திருக்கிறீர்கள். தரையிலிருந்து உங்கள் தலை 1.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வேகமாகப் போக வேண்டியதே இல்லை. நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும் தலை அந்த உயரத்திலிருந்து தார்ச்சாலையில் விழும். சாலையும் நசுங்காது, மண்டையோடும் நசுங்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்குள் தலை நின்றால் 1.5ஐ 0.003ஆல் வகுக்க வேண்டும். 500 ஜி!

தலைக்கவசத்தின் உள்ளே தெர்மாகோல் போன்ற வெண்ணிற நுரைப் பொருள் இருக்கும். பலர் அதை வெறும் மெத்தை என்று நினைக்கிறார்கள். அதுதான் உண்மையான கவசம். மோதும்போது அது 3 சென்டிமீட்டர் நசுங்கினால் 1.5ஐ 0.03ஆல் வகுக்கலாம். 50 ஜி. பத்தில் ஒரு பங்கு! பந்தயக் காரின் மூக்கு செய்த அதே வேலையை இந்த நுரை செய்கிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. ஆகவே பலமாக மோதிய கவசத்தை மறுபடி அணியக் கூடாது. தாடைப் பட்டையை மாட்டாமல் அணிந்தால் மோதுவதற்கு முன்பே கவசம் பறந்துவிடும். கணக்கு பழையபடி 500க்கே போய்விடும்.

நம்பிக்கை இல்லையா? ஒரு சோதனை செய்யலாம். பழைய போர்வையின் மேல் முனைகளை இரு நண்பர்கள் பிடித்துத் தொய்வாகத் தொங்கவிடட்டும். கீழ் ஓரத்தைச் சற்று மடித்துத் தொட்டில் போல் தூக்கிக்கொள்ளட்டும். ஒரு பச்சை முட்டையை அதன்மேல் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் எறியுங்கள். உடையாது. அதே முட்டையை இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். எது வேகமாகச் சென்றது, எது உடைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தரையைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்!

போர்வை முட்டைக்குத் தூரம் தந்தது. நொறுங்கிய மூக்கும் வளைந்த எஃகும் குரோஜானுக்குத் தூரம் தந்தன. ஹேலோ இடம் தந்தது. உடையும் மருத்துவக் காரும் நேரம் தந்தன. சில சென்டிமீட்டரும் சில நொடியும்தான் உயிருக்கும் மரணத்துக்கும் நடுவே நிற்கின்றன. நாளைக் காலை வண்டியில் ஏறும்போது அந்த மூன்று சென்டிமீட்டரை வீட்டு ஆணியில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். முன்னால் அமர்ந்து வண்டி ஓட்டும் அப்பாவுக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.